பொட்டலவியல்: ஒரு முன்னோடி ஆய்வு

மளிகைக் கடையில் தராசுக்குச் சட்டம் இருக்கிறது. படிக்கல்லுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது. கடனுக்கு நோட்டும், கல்லாப்பெட்டிக்குச் சாமி படமும் ஊதுவத்தியும் இருக்கின்றன. இவ்வளவும் கடைசியில் எதில் போய் முடிகிறதோ அந்தப் பொட்டலத்தைத்தான் கேட்க நாதியில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரித்தார்கள், பருப்பை டப்பாவில் கொட்டினார்கள், அத்தோடு மறந்தார்கள். அறிவுலகம் பொட்டலத்துக்குச் செய்த இந்த அநீதியை ஓரளவாவது நேர்செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், 1970களிலும் 80களிலும் இருந்த அண்ணாச்சி கடை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து கிளம்பிச் சென்னை வரைக்கும் தெருவுக்குத் தெரு பரவிய கடை. வாசலில் வாழைத்தார் தொங்கும். உள்ளே சாக்குகளின் வாயைச் சுருட்டிவிட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஆய்வாளரின் தகுதியைப் பற்றி ஐயம் எழலாம். இவர் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. கடைக்கு ஓடுகிற வேலை வேறு யாருக்கும் போகவில்லை. இதைவிடப் பெரிய பட்டத்தைப் பல்கலைக்கழகம் தர முடியாது.

முதலில் இலக்கணம். பசை, பின், ஒட்டுத்தாள் ஏதுமின்றி, பழைய தாளும் நூலும் கடைக்காரரின் கட்டைவிரலும் மட்டுமே கூடி, கால் கிலோ துவரம்பருப்பைக் கடையிலிருந்து அடுக்களை வரை சிந்தாமல் கொண்டுசேர்க்கும் ஏற்பாடே பொட்டலம். இந்த இலக்கணப்படி ஒட்டிய காகிதக் கவர் பொட்டலமாகாது. வாழையிலையில் கட்டிய பூவும் வெண்ணெயும் இலைக்கட்டு என்னும் தனிக்குடும்பம். கோயிலில் தரும் திருநீற்றுப் பொட்டலம் நூலில்லாத கிளையினம். சட்டைப்பையில் தானாகவே அவிழ்ந்துகொள்வது அதன் பிறவிக்குணம். உப்பு இந்த ஆய்வுக்கே வராது. ஈரம் கசிந்து தாளை அழித்துவிடும் என்பதால் அதைப் பையில்தான் வாங்கினார்கள். கடையடைத்த பிறகும் உப்பு மூட்டை மட்டும் இரவு முழுக்க வெளியிலேயே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். இது குற்றவியல் துறையினர் ஆராய வேண்டிய விஷயம், நமக்கு அதில் வேலையில்லை.

பொட்டலம் இருவகை: கூம்பு, மடிப்பு. கூம்பு எளிது. தாளின் ஒரு மூலையை இடக்கையில் பிடித்து ஒரு சுழற்று, அடிநுனியை ஒரு திருகு, அவ்வளவுதான். கடுகு, சீரகம், மிளகு, வண்டிக் கடலை ஆகியவை கூம்பின் குடிகள். இதற்கு வாரப்பத்திரிகைத் தாள் உத்தமம். அளவும் சிறியது, தாளிலும் ஒரு விறைப்பு உண்டு.

மடிப்புதான் வித்தை. தினசரித் தாளைப் பாதியாகக் கிழித்து மேடையில் விரிப்பார் அண்ணாச்சி. கிழிப்பதற்கும் கத்தி கிடையாது, மடித்த விளிம்பில் நகத்தை ஓட்டி ஒரே இழுப்பு. தராசுத்தட்டிலிருந்து பருப்பை நடுவில் சரிப்பார். எதிரெதிர் ஓரங்களைத் தூக்கி ஒன்றாகப் பிடித்து, இரண்டு மடிப்பாகக் கீழே அமுக்குவார். பிறகு பொட்டலத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி மேடையில் ஒரு தட்டு. உள்ளே பருப்பு 'சர்'ரென்று அடங்கும். இந்தத் தட்டுதான் உயிர்நிலை. இதைச் செய்யாத பொட்டலம் வழியில் தொளதொளத்து, பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் வாய் பிளக்கும். அடங்கியதும் வாயை முக்கோணமாக உள்ளே மடித்துச் செருகி, மறுமுனைக்கும் அதுவே. கடைசியில் நூல்.

நூல் மேலிருந்து வரும். டால்டா டின்னின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே கண்டை வைத்து, தலைகீழாக உத்திரத்தில் கட்டியிருப்பார்கள். அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கமாட்டார். கை தானாக மேலே போய் நுனியைப் பிடித்து வரும். நீளத்தில் ஒரு சுற்று, திருப்பி அகலத்தில் ஒரு சுற்று, நடுவில் ஒரு முடிச்சு. பிறகு நூலை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்ட, நூல் அறும். விரல் அறாது. இதைச் சிறுவர்கள் வீட்டில் செய்துபார்த்தபோது நேர்மாறாக நடந்தது.

இனி, சர்ச்சைக்குரிய பகுதி. தாளின் எடை யாருடைய கணக்கு? செய்தித்தாள் காகிதம் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம். பெரிய தினசரியின் ஒரு தாள் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமும், மீட்டரில் மூன்றிலொரு பங்கு அகலமும் இருக்கும் என்று கொண்டால், எடை எட்டு கிராமுக்குச் சற்று அதிகம். பாதித் தாள் 4 கிராம். தாளைத் தட்டில் போட்டு அதன்மேல் சரக்கைக் கொட்டி நிறுக்கிற கடையில், 100 கிராம் முந்திரிப்பருப்பு வாங்கியவர் 96 கிராம் முந்திரியும் 4 கிராம் முந்தாநாள் செய்தியும் வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் விலை ஒன்று. பழைய பேப்பர்காரரிடம் அந்தத் தாளை வீட்டுக்காரரே எடைக்குப் போட்டிருக்கவும் கூடும். உலகத்தில் வேறெந்தச் சரக்கும் இவ்வளவு குறைந்த தூரத்தில் இத்தனை மடங்கு விலை ஏறியதில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆனால் அண்ணாச்சியின் தரப்பையும் கேட்க வேண்டும். சிலர் படிக்கல் தட்டிலும் அதே அளவு தாளைப் போட்டுச் சரிக்கட்டினார்கள். மற்றவர்கள் சரிக்கட்டியது வேறு வழியில். கடைக்கு வந்த பிள்ளையின் கையில் ஒரு துண்டு அச்சுவெல்லமோ நாலு பொரிகடலையோ விழும். அதன் எடை 4 கிராமுக்குக் குறையாது. ஆக வீட்டுக்கு நஷ்டம், பிள்ளைக்கு லாபம். அந்தக் கடையைத் தவிர வேறு கடைக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும். இதில் ஏமாந்தது யார் என்பதை ஆய்வாளர் நடுநிலையோடு தீர்மானிக்க இயலாது. வெல்லம் தின்றவர் அவர்.

அளவைகள் மாறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 முதல் வீசையும் பலமும் படிப்படியாகக் கிலோவுக்கு வழிவிட்டன. வீசைக்கு 40 பலம், கிலோக் கணக்கில் ஏறக்குறைய 1.4. பாட்டிகள் அதற்கப்புறமும் வெகுகாலம் பலத்தில்தான் கேட்டார்கள், அண்ணாச்சியும் மறுபேச்சின்றி மனக்கணக்காக மாற்றிக் கொடுத்தார். அரசாங்கத்தால் அளவை மாற்ற முடிந்தது. மடிப்பின்மேல் கைவைக்க முடியவில்லை.

பொட்டலத்தின் இலக்கியப் பணி தனி நூலாக எழுதத் தக்கது. பத்திரிகை வாங்காத வீட்டிலும் வாசிப்பு இருந்ததற்குக் காரணம் பொட்டலம்தான். பருப்பைக் கொட்டிய கையோடு தாளை நீவி, அடுப்பு வெளிச்சத்தில் படித்த பெண்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், கொலை துவரம்பருப்பில் நடக்கும், கொலைகாரன் உளுத்தம்பருப்பில் இருப்பான். உளுந்து அடுத்த மாதம்தான் வாங்குவார்கள். நல்ல தொடர்கதைகள் கடைக்கே வருவதில்லை என்பது இன்னொரு குறை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்து வைத்துப் பைண்டு செய்துகொண்டார்கள். அதில் கடுகு கட்ட யாருக்கு மனசு வரும்? பொட்டல வாசகருக்கென்றே அமைந்த படைப்பு ஒன்று உண்டென்றால் அது தினத்தந்தியின் 'கன்னித்தீவு'தான். எந்த நாள் துண்டு கிடைத்தாலும் முன்கதை தெரியாத குறை தோன்றாது, முடிவு தெரியாத குறை எல்லோருக்கும் பொது.

விடைத்தாள்களையும் சொல்ல வேண்டும். எடைக்குப் போடப்பட்ட பரீட்சைத் தாள்கள் கடலை வண்டிக்கு வந்து சேரும். அசோகர் மரம் நட்டது, குளம் வெட்டியது, பக்கத்தில் சிவப்பு மையில் ஐந்துக்கு இரண்டு. கடலை தீர்ந்தபின் அதைப் படித்துவிட்டு, 'மூணாவது போட்டிருக்கலாம்' என்று சொல்லாத நல்லவரே இல்லை. மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லாத காலம்.

வீழ்ச்சி மூன்று கட்டமாக நிகழ்ந்தது. 1977இல் பொட்டலப் பொருள் விதிகள் வந்தன. தொழிற்சாலையில் அடைத்து வரும் உறையின்மேல் நிகர எடையும் விலையும் அச்சிட வேண்டும் என்றன அவை. பெயரில் பொட்டலம் இருக்கிறதே தவிர, அண்ணாச்சி கண்ணெதிரே கட்டித் தரும் பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாக்கெட்டுகள் பெருகின. அடுத்து பாலிதீன் பை வந்து கூம்பைக் கொன்றது. மூன்றாவதாக உணவுப் பாதுகாப்புத் துறையினர் அச்சு மையின் நஞ்சை எடுத்துச்சொல்லி, 2016 இறுதியில் எச்சரிக்கை விடுத்து, 2018 விதிகளில் செய்தித்தாளில் உணவைக் கட்டவே கூடாதென்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். வடையின் எண்ணெயில் அமைச்சர் படம் பதிந்து வந்ததைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேச முடியாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைக்கும் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிற ஆய்வாளர் ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கிறார். தாள் கூடாது, பாலிதீன் கூடாது, மஞ்சப்பை உண்டு. கடுகும் கடலைப்பருப்பும் பச்சரிசியும் ஒரே மஞ்சப்பைக்குள் சமத்துவமாக வந்தால், வீட்டில் சுளகு எடுத்து உட்கார வேண்டியவர் யார் என்று எந்த ஆணையிலும் இல்லை.

பொட்டலம் இன்றும் உயிரோடிருக்கும் இடம் நாட்டு மருந்துக் கடை. தீபாவளி லேகியச் சாமான் கேட்டால் சுக்கு, திப்பிலி, ஓமம், கண்டந்திப்பிலி என்று கட்டைவிரல் அகலப் பொட்டலங்களாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பொட்டலத்துக்குள் போட்டுக் கட்டித் தருவார்கள். எதன்மேலும் பெயர் இருக்காது. வீட்டில் மோந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கம் அப்படியொரு கடையில் நின்று, ஆய்வாளர் தம் நெடுநாள் வினாவைக் கேட்டார்.

"அண்ணாச்சி, எல்லாத்துக்கும் ஒத்தச் சுருக்குதான் போடுறீங்க. ரெண்டு முடிச்சாப் போட்டா இன்னும் கெட்டியா இருக்காதா?"

அவர் நிமிரவில்லை. நூலை விரலில் சுற்றி வெடுக்கென்று அறுத்தார்.

"கெட்டியா இருக்கும் அண்ணாச்சி. வீட்ல அவுக்கது யாரு, நீங்களா? மாவுக்கையோட ஒருத்தி இழுத்தா வரணும்லா. நூறு ரூவாய்க்குச் சில்லறை இருக்கா? இல்லன்னா கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பின்னால ஆளு நிக்கு."