உயிரோடத்தான் இருக்கேன், சிக்னல்தான் இல்ல

எங்க ஊரைக் கிராமம்னு சொல்லிவிட்டு யாரும் பேரூராட்சி ஆபீஸ் வாசலைத் தாண்ட முடியாது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் ரெண்டு பக்கமும் வயல், வயல் முடிந்தால் குளம், குளக்கரையில் எருமை, எருமைக்கு அப்பால் என் வீடு. ஆனாலும் சட்டப்படி நான் நகரவாசி. மாவட்டமே அப்படித்தான், கேட்டீரா? கிராம ஊராட்சி 95 என்றால், பேரூராட்சி மட்டுமே ஐம்பதுக்கு மேல். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கோயம்புத்தூரெல்லாம் நமக்குப் பின்னால் நிற்கிறது. இத்தனை பெரிய நகரவாசிக்கு, பேத்தி அனுப்பின போட்டோவில் நெற்றி மட்டும் காலையில் வருகிறது. மூக்கு வர மத்தியானம் ஆகும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பேர் வேண்டாம், எந்தக் கம்பெனி என்று நீர் நினைத்தாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரு பெண் தேனொழுகப் பேசினாள். "சார், உங்க ஏரியா ரூரல். அங்க டவர் போட்டாக் கட்டுபடியாகாது. கவர்மென்ட் மானியம் தந்தா வரும் சார்." எனக்குச் சுருக்கென்றது. "ரூரல்னா சென்னைக்காரன் குடுக்க அதே ரேட்ட எங்கிட்ட எதுக்கும்மா வாங்குதிய?" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அவள் கட் பண்ணவில்லை. சிக்னல்தான். அந்த ஒரு விஷயத்தில் கம்பெனி பட்சபாதம் பார்ப்பதில்லை. 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று பிறகு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். ஜவுளி எடுக்கப் போனபோது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் அது என் போனுக்கு வந்து சேர்ந்தது.

சரி, கிராமம் என்றே வைத்துக்கொள்வோம், சர்க்கார் கொண்டுவரட்டும் என்றால், அங்கே நாம் டவுன். 2011 அக்டோபரில் டில்லியில் மந்திரிசபை கூடி, இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் போடத் தீர்மானம் போட்டது. மதிப்பு 20,000 கோடி, கெடு ரெண்டு வருஷம். முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்தைத் தொடவே 2017 முடிந்துவிட்டது. இடையில் 2015-இல் பாரத்நெட் என்று பேரை மாற்றினார்கள். 2023-இல் இன்னொரு 1.39 லட்சம் கோடிக்கு ஒப்புதல் ஆனது. பேர் வைப்பதிலும் துகை ஒதுக்குவதிலும் நம்மவர்கள் ஒருநாளும் சுணங்கியதில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த பங்கை முதலமைச்சர் 2022 ஜூனில் தொடங்கி வைத்தார். எங்கே என்கிறீர்? நம்ம மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் முத்தலக்குறிச்சியில்! 1,815 கோடி, 12,525 ஊராட்சிகள். பேப்பரைத் தூக்கிக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த பையன் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னான்: "மாமா, அது ஊராட்சிக்குள்ளது. நாம டவுன்லா?" நூறு நாள் வேலையும் அப்படித்தான் கைவிட்டுப் போச்சு என்று பக்கத்தில் நின்ற ஒரு அக்கா பெருமூச்சு விட்டாள்.

நவம்பர் வந்தால்தான் என் பாடு தெரியும். நான் ரயில்வே பென்ஷன்காரன். வருஷத்துக்கொரு தடவை உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டும். முன்பெல்லாம் பேங்கில் போய்த் தலையைக் காட்டினால் போதும். இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் வேலை முடிந்தது என்றான் மகன். அவன் பெங்களூரில் இருக்கிறான், சொல்லுவான். சிக்னல் எட்டிப் பார்க்கிற ஒரே இடம் மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பக்கம். ஐப்பசி மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், தொட்டிமேல் ஒரு கால். சிமிட்டினேன். வட்டம் சுற்றியது. மறுபடியும் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். எதிர்த்த மாடியில் துணி எடுக்க வந்த சரோஜா அக்கா இதைப் பார்த்துவிட்டு, துணியையும் எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு சாயங்காலம் அவள் என் வீட்டுக்காரியிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி எனக்கு ரசஞ்சோறுதான்.

கடைசியில் தக்கலைப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போய்த்தான் உயிரோடு வந்தேன். ஒரே சிமிட்டு, காரியம் முடிந்தது. "சர்க்கார் கேபிளா?" என்றேன். "எங்க! கேபிள் டிவி பையன் இழுத்துத் தந்தது" என்றார். மானியமும் இல்லை, மந்திரிசபையும் இல்லை. மின்கம்பத்திலும் பலாமரத்திலுமாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். "டவுன்காரங்க நீங்க, அடிக்கடி வந்து சிமிட்டிக்கிட்டுப் போங்க" என்று சம்பந்தி சொன்னதை உபசாரமாகவே எடுத்துக்கொண்டேன். நம்ம தெருவிலும் அப்படி ஒரு பையன் உண்டு. நாலு வீடு சேர்ந்தால் இழுப்பேன் என்கிறான். நாலில் ரெண்டு வீட்டுக்காரர்களுக்கு மதில் தகராறில் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்தால் வயரும் வரும்.

இதையெல்லாம் வீட்டுக்காரியிடம் விளக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோக 2002-லிருந்து ஒரு நிதி இருக்கிறது. கம்பெனிகள் வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கு அதற்குக் கட்டவேண்டும். அதிலிருந்துதான் கிராமத்து லைனுக்கு மானியம் போகிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பேர். சேர்ந்த பணத்தைச் செலவழித்து முடிக்கும்வரை அந்த அஞ்சையும் நிறுத்தி வையுங்கள் என்று கம்பெனிச் சங்கம் கேட்கிறது என்று, நான் ஒரு நிபுணனைப் போல விவரித்தேன். அமெரிக்காவிலேயே 2021-இல் 4,245 கோடி டாலர் ஒதுக்கி, 2024 முடிகிறபோதும் அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்புப் போகவில்லையாம் என்றும் சேர்த்துச் சொன்னேன், அவளுக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். "கம்பெனிக்கு வருமானம் யாரு குடுக்கா?"

"நாமதான்."

"அப்பம் அந்த அஞ்சும் நம்ம துட்டு. அதக் கவர்மென்ட் வாங்கி வைக்கு. வச்சத இவன் மானியமாக் கேக்கான். வாங்கி வயர் இழுத்துட்டு, நமக்கே பில்லும் போடுவான். நீங்க ரயில்வேல கணக்குதானே பாத்திய?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊருக்கு சிக்னலே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தைக் கூட்டினபோது, அந்தச் செய்தி மொட்டைமாடிக்கெல்லாம் ஏறவிடவில்லை. அடுக்களையிலேயே, அதுவும் ரெண்டு தடவை வந்தது.