எடுத்த மெட்டும் எடுக்க வேண்டிய பிணமும்

பெறுநர்:
பதிப்புரிமைப் பதிவாளர் அவர்கள்,
துவாரகா, புது தில்லி.

பொருள்: சாவு வீட்டில் மெட்டு எடுத்தது தொடர்பாக.

ஐயா,

வடசென்னை மாத்தூரில் ஒரு சாவு விழுந்தால், பந்தல்காரருக்கு முன்னால் கானாக்காரருக்குச் சொல்லிவிடுவோம். அவர் டேப்பும் டோலக்குமாக வந்து உட்கார்ந்து, செத்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியது முதல் பேத்திக்குப் பெயர் வைத்தது வரை விடிய விடியப் பாட்டாகக் கட்டுவார். சொல்லெல்லாம் அங்கேயே, அப்போதே பிறந்தது. மெட்டு மட்டும் பல நேரம் ஏதாவது பழைய இந்திப் படத்துடையது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பிணமும் சொன்னதில்லை.

தங்கள் 1957-ஆம் வருடச் சட்டத்தைப் புரட்டியதில்தான் வயிற்றைக் கலக்கிவிட்டது. இசைப் படைப்பு என்றால் மெட்டு மட்டும்தானாம். சொல் அதில் சேராதாம். ஆக, எங்கள் ஆள் அழுதது அவருக்கு, அழுத ராகம் பம்பாய்க்கு. போகட்டும். 52-ஆம் பிரிவில் கல்யாண ஊர்வலத்துக்கு விலக்கு எழுதியிருக்கிறீர்கள், பெரிய மனசு. சாவு ஊர்வலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லையே! மாப்பிள்ளை காரில் போனால் மெட்டு இலவசம், மாப்பிள்ளையின் தாத்தா பாடையில் போனால் பில்லா? 2024-இல் 'குணா' பாட்டுக்காக இளையராஜா 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு நோட்டீஸ் விட்டதிலிருந்து எங்கள் கானாக்காரர் அந்தப் பாட்டுப் பக்கமே தலைவைப்பதில்லை.

வரவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்துக்குக் கானா உலகநாதனைக் கூப்பிட்டுப் பாடவைத்து, பெயரும் போட்டார்கள்; மறுப்பதற்கில்லை. பெயர் போடாமல் வடசென்னையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வண்டியேறிய மெட்டுகளை எந்தக் கவுன்ட்டரில் கேட்பது? இங்கிருந்து போனால் அது 'மக்கள் இசை'. அங்கிருந்து வந்தால் திருட்டு.

தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்ததும் காதுக்கு வந்தது. 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டு, ஜூனியர் தாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து வந்தது என்று அவர்கள் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் ஒரு நீதிபதி, இசையமைத்த ரஹ்மான் தரப்பு 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள்: பாடியவர் என்பதாலேயே இயற்றியவர் ஆகிவிட முடியாதாம். தலைமுறை தலைமுறையாகத் துருபத் பாடும் உஸ்தாத்களுக்கே இந்தக் கதி என்றால், மூலகொத்தளம் சுடுகாட்டு வாசலில் பாடிவிட்டுப் போனவர்களுக்கு எந்த ரிக்கார்டைக் காட்டுவோம்? அவர்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் உள்ளே படுத்திருக்கிறார்கள்.

ஆகவே பதிவு செய்துவிடலாம் என்று படிவம் 14-ஐ எடுத்தோம். பாட்டுக்கு 500 ரூபாய்; வசூல் பண்ணிவிடலாம். இயற்றியவர் காலமாகி 60 வருடம் வரை உரிமை உண்டாம். சாவுக் கானாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும் என்கிற இடத்தில்தான் இடிக்கிறது. இங்கே மாலை நாலு மணிக்கு எடுத்துவிடுகிறோம். கட்டாயம் காத்திருந்துதான் ஆகவேண்டும் என்றால், ஐஸ் பெட்டி வாடகை யார் பொறுப்பு என்பதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாத்தூர்வாசி ஒருவன்