‘ஒளிப்பதிவு அருமை!’

கேள்வி: சினிமா நுட்பம் பற்றிக் கட்டுரை கேட்டால், பிள்ளைகள் எல்லோரும் ‘ஒளிப்பதிவு அருமை, இசை பிரமாதம்’ என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?
– ஓர் ஆசிரியை, செண்பகத்தோப்பு

பதில்: ஒவ்வொரு ‘அருமை’க்கும் அரை மார்க் குறையுங்கள், பாதிக் கட்டுரை காணாமல் போகும்! உங்கள் ஊர் அணில் சரணாலயத்தைச் சுற்றிவிட்டு வந்து ‘அணில் சூப்பர்’ என்று மட்டும் எழுதினால் விடுவீர்களா?

முழுப் படம் வேண்டாம், ஒரே காட்சி கொடுங்கள். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தின் தொடக்கம் போதும். எடுத்த எடுப்பில் சிவாஜி சுடப்படுகிறார். சுட்டவர் முகம் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் படத்துக்கு என்ன கெட்டிருக்கும்? அதை மட்டும் எழுதட்டும். கதைச் சுருக்கத்துக்குப் பூஜ்யம்தான். அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் போடுபவரே அதை எழுதிக் கொடுத்துவிடுவார்.