ஒரு பிளேன்டீக்கு ஒரு சரித்திரம்

வீட்டில் நான் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "குசினிப் பைப் ஒழுகுது, முதல் அதைப் பாருங்கோ" என்று மனைவி பேச்சை அடைத்துவிடுவாள். ஆகையால் விடிந்ததும் சாம்பல்தீவில் றோட்டுக்கரைத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் கேட்க ஆளில்லை. வாங்கில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்ல வந்தவர்கள்.

முதல் ஆள் பேப்பர்க்காரர். ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு முழுப் பேப்பரையும் மடியில் அடக்கிவிடுவார். மரண அறிவித்தல் முடியும்வரை நடுத்தாள்கூட நமக்குக் கிடையாது.

அடுத்தவர் சீனி வருத்தக்காரர். "தம்பி, எனக்குச் சீனி போடாதேங்கோ" என்பது நிலாவெளி வரை கேட்கும். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுச் சத்தமில்லாமல் இரண்டு சூசியம் எடுப்பார். டொக்டர் தேத்தண்ணியைப் பற்றி மட்டும்தான் சொன்னவராம்.

மூன்றாமவர் துறைமுக நிபுணர். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ஐ.ஓ.சி.க்கு 14, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61 என்று மூச்சுவிடாமல் பிரித்துத் தருவார். தான் குடித்த தேத்தண்ணிக் கணக்கென்றால் மட்டும் கடைக்காரரின் கொப்பியைத்தான் பார்க்கவேணும்.

எப்போதாவது கொழும்பிலிருந்து வந்த பெடியன் ஒருவன் கோப்பி கேட்பான். வாங்கு முழுக்கத் திரும்பும். "என்ன தம்பி, தடிமனோ?" எங்கள் வீடுகளில் கோப்பி என்றால் மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கைமருந்து.

அந்த இடத்தில்தான் நான் தொடங்குவேன். இலங்கை ஒருகாலத்தில் கோப்பி நாடு. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தியே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டுவிட்டார். கோப்பி விழ, தேயிலை எழும்பியது. 1869 என்று வாய் திறந்ததும் பேப்பர்க்காரர் பேப்பரை முகத்துக்கு உயர்த்துவார். நிபுணருக்கு அவசர வேலை ஞாபகம் வரும். சீனிக்காரர் மூன்றாவது சூசியத்தோடு நழுவுவார். பெடியன் மட்டும் அகப்படுவான். சொன்ன கோப்பி வரும்வரை அவனால் ஓட முடியாது.

எங்களுக்குள் கெட்டிக்காரர் கடைக்காரர்தான். நான் ஜேம்ஸ் டெய்லரிடம் வந்து சேர்ந்ததும், கேட்காமலே சுடச்சுட இன்னொரு பிளேன்டீயை முன்னால் வைப்பார். அதை ஊதிக் குடித்து முடிக்கும்வரை கடை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை அனுபவிப்பது முழுக் கடையும். கொப்பியில் காசு விழுவது என் பேரில்.