மட்டாஞ்சேரி வாரக்கடைசியும் 1341 வெள்ளமும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை கடையாகச் சாப்பிடுகிறவருக்கு ஞாயிறு மதியத்துக்குள் வயிறு மந்தித்துப் போவது ஏன்? எண்ணெய், காரம், நாக்கு ருசி என்று மூன்று காரணம் சொல்வது வழக்கம். மூன்றும் மேலோட்டமானவை. மூலகாரணம் 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. முசிறியைத் தூர்த்த அந்த வெள்ளம்தான் கொச்சிக்கு வாய் திறந்துவிட்டது என்பார்கள். துறைமுகம் பிறந்ததும் மிளகைத் தேடி வணிகர் வந்தார்கள். வணிகரை நம்பி மற்றவர்கள் வந்தார்கள். எல்லாரும் பண்டகசாலைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு பார்த்தார்கள். செர்லாயில் கொங்கணிகள், குஜராத்தித் தெருவில் குஜராத்திகள், சுற்றுவட்டாரத்தில் கச்சி மேமன்கள், தக்னிகள், தமிழர்கள். அவரவர் சாமியோடு அவரவர் அடுப்பும் வந்து இறங்கியது. 1341 என்ற கணக்கை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஆண்டைத் தள்ளிவைத்தால் செரிமானம் சீராகிவிடும் என்று அவர்களில் எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி உடற்கூற்றுச் சான்று. நெய்யும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நான்கு மணி நேரம் வரை பிடிக்கும். மட்டாஞ்சேரியில் ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி ஆகாது. கேடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காலையில் கொங்கணித் தோசை. அது இறங்குமுன் குஜராத்தி ஜிலேபியும் டோக்ளாவும். அதுவும் இறங்குமுன் 1948இல் தொடங்கிய காயிக்காவின் ரஹ்மத்துல்லா ஹோட்டல் பிரியாணி. பொடிப்பொடியான கைமா அரிசி, ஓரத்தில் பேரீச்சம்பழ ஊறுகாய். ‘அப்புறம் வரலாம்’ என்று தள்ளிப்போடவும் வழியில்லை, மதியம் தாண்டினால் அண்டா காலி. குஜராத்தித் தெருச் சமணக் கோயிலில் உச்சிவேளையில் தானியம் தின்னும் புறாக்கள்கூட ஒரு சுற்றுப் பறந்துவிட்டுத்தான் இறங்குகின்றன. மனிதருக்கு அந்த ஒரு சுற்றுக்கும் இங்கே இடமில்லை.

பல சமூகங்கள் கூடி வாழும் ஊர் இது ஒன்றுதானா, சென்னையில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் சௌகார்பேட்டையில் கச்சோரி தின்றவர் திருவல்லிக்கேணிப் பிரியாணிக்கு வந்து சேர்வதற்குள், அண்ணா சாலை சிக்னல்களில் ஆட்டோ குலுக்கும் குலுக்கலில் கச்சோரி கரைந்தே போயிருக்கும். போக்குவரத்து நெரிசல் செய்யும் இந்தப் பெருந்தொண்டை எந்த மருத்துவ நூலும் பதிவுசெய்யவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பிளேட்டைப் பகிர்ந்துகொள்ளலாமே என்பது அடுத்த ஆட்சேபம். ‘எனக்கு வேண்டாம், ஒரு வாய் போதும்’ என்று சொல்பவர்தான் பாதித் தட்டைக் காலி செய்கிறார் என்பது எல்லாக் குடும்பமும் அறிந்த உண்மையாதலால், இதற்கு விரிவான மறுப்புத் தேவையில்லை.

யூதத் தெருவை இடைவெளியாகக் கொள்ளலாம் என்ற வாதம் மட்டும் சற்றுக் கனமானது. 1568இல் பரதேசி சினகாக் எழுந்த இந்தத் தெருவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அடுப்புகளும் அவர்களோடு போயின. இன்று பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புரட்டிப் பார்த்தபடி ஒரு மணி நேரத்தைச் சாப்பிடாமலே கழிக்க முடியும். ஆனால் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் ஏலமும் கலந்து ஒரு வாசனை வருகிறது. மெய்ப்பசி வருமுன்பே பொய்ப்பசியைக் கிளப்பிவிடும் வாசனை அது. கெட்டது கதை.

படகேறி எர்ணாகுளம் போய்ச் சாப்பிட்டால் இடைவெளி தானே கிடைக்குமே என்றும் சிலர் கேட்பார்கள். அப்படிப் போனவர்கள் அங்கே ஒரு முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சுலைமானி குடிக்க மாலையில் மட்டாஞ்சேரிக்கே திரும்பிவிடுவதால், அவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை.