ஒருநபர் ஆணைக்குழு

பெயரைச் சொல்ல மாட்டேன். என் மனைவியின் அண்ணன் என்று யாரும் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். பசறைப் பக்கத்து லயத்தில் பிறந்து, ரொட்டி தின்று வளர்ந்து, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு வீடியோவைப் பார்த்த அன்றே கோதுமையிலுள்ள குளூட்டனைத் துறந்தவர் இப்போது எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். வசதிக்காக மச்சான் என்று வைத்துக்கொள்வோம்.

துறந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. துறந்தவர் பேசாமல் சோறு தின்னலாம் அல்லவா? ஆனால் சோற்றில் விசாரிக்க ஒன்றுமில்லை. அதனாலேயே மச்சானுக்கு அதில் ருசியும் இல்லை. அவருக்கு வேண்டியது சாப்பாடு அல்ல, சாட்சி.

கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் வருகிறோம் என்றால், நானுஓயா தாண்டுவதற்குள் வடைக்காரப் பையன்கள் எல்லாரும் அவரிடம் வாக்குமூலம் கொடுத்து முடித்திருப்பார்கள். பருப்பு வடைக்கு மா சேர்த்துப் பிசைந்தீர்களா, இறால் வடையும் இதே எண்ணெயில்தான் பொரிந்ததா, அந்தத் தட்டை எதனால் துடைத்தீர்கள்? பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அன்று முதல் இன்றுவரை இத்தனை குறுக்கு விசாரணையை எந்த வடையும் சந்தித்திருக்காது. கடைசியில் வாங்கவும் மாட்டார். பையனின் பாவம் என் தலையில் விழும் என்று பயந்து நான் நாலு வாங்குவேன்.

ஆணைக்குழுவின் முழு அமர்வைப் பார்க்க வேண்டுமென்றால் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, காலை ஆறரைக்கு இடியப்பம் விற்கும் அக்காவிடம் போக வேண்டும்.

"இது என்ன மா அக்கா?"

"அரிசி மாதான் தம்பி."

"ரொம்ப வெள்ளையா இருக்கே?"

"வெள்ளை அரிசி."

"அவிச்ச கோதுமை மா கலக்கலியே?"

"கொஞ்சம் போட்டாத்தான் பிஞ்சி போகாம வரும்."

"கொஞ்சம்னா?"

"ஒரு கை."

"யாரோட கை?"

பின்னால் வரிசை. மடுல்சீமை பஸ்ஸின் கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பையை நீட்டிக்கொண்டு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை அழும் நிலையில். மச்சான் அசைய மாட்டார். அக்கா தன் கையை விரித்துக் காட்டுகிறார். அவர் அதை ஜோசியக்காரன் மாதிரி குனிந்து பார்க்கிறார்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அவர் சந்தேகப்படுவது சரி என்பதுதான். நம் நாட்டில் கோதுமை மா புகாத பண்டம் குறைவு. தோசை மாவில் ஒரு பிடி, பிட்டில் பாதி, சில கடைகளில் ஆப்பத்திலும் கொஞ்சம். கடைக் குரக்கன் ரொட்டியை மட்டும் நம்பலாமா? தட்ட வர வேண்டுமே என்று அதிலும் சேர்ப்பார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா உண்டு, சோயா சோஸிலும் கோதுமை உண்டு. இதை அறிந்த நாளிலிருந்து கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி அவரைத் தாண்டி நிம்மதியாகப் போனதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் பையிலிருந்து முதலில் வெளிவருவது வேட்டி அல்ல, சட்டி. எங்கள் ரொட்டிக்கல்லில் தலைமுறை தலைமுறையாகக் கோதுமை ஊறியிருக்கிறதாம். என் மனைவி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுபடியும் தேய்த்துக் கொண்டுவந்து காட்டினாள். மணந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, வேணாம்" என்றார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, பெரிய கோப்பை நிறைய நெஸ்டமோல்ட் கேட்டு வாங்கிக் குடித்தார். மோல்ட் என்பது முளைகட்டிய வாற்கோதுமை. குளூட்டன் அதிலும் உண்டு. டின்னிலேயே எழுதியிருக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். "அண்ணன் சந்தோஷமா குடிக்கிறது அது ஒண்ணுதான், விடுங்க" என்று மனைவி கண்ணைக் காட்டிவிட்டாள்.

குளூட்டன் ஆகாத நோய் உண்மையிலேயே உண்டு. சீலியாக் என்பார்கள். உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஒரு ரொட்டித் துணுக்கு போனாலும் அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவர் புண்படும். அவர்கள் கேட்கத்தான் வேண்டும், எத்தனை கை என்றும் கேட்கலாம். மச்சானுக்கு அது இருக்கிறதா? பரிசோதித்துப் பார்த்தால்தானே தெரியும்!

போன தடவை தோட்டத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது ஆணைக்குழு பிரசங்கத்தில் இறங்கியது. யுத்த காலத்தில், 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்தில் கடும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை. வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் பார்த்தாராம், ஊரே மெலிந்து கிடக்க, இந்த நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறியிருக்கிறார்கள். பாண் திரும்பி வந்ததும் பழையபடி விழுந்துவிட்டார்கள். கோதுமைதான் குற்றவாளி என்று அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது அப்படித்தான். கதை உண்மை, மச்சான் சொன்ன விதமும் நன்றாகத்தான் இருந்தது.

பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "அங்க மா இல்லாம புள்ளைங்க தேறுச்சா? எழுபத்திமூணு எழுபத்திநாலுல இங்கயும் மா இல்ல தம்பி. எங்க புள்ளைங்க தேறல."

1973-74இல் பங்கீட்டு மா சுருங்கி, தோட்டத்துச் சனம் பசியில் செத்த காலம் அது. மச்சான் அப்போது கைக்குழந்தை. எப்படிப் பிழைத்தார் என்று பெரியம்மாவுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாட்டிலேயே கோதுமை மா அதிகம் தின்பது தோட்டத்துச் சனம்தான். ஆசையால் அல்ல. அந்தக் காலத்தில் தோட்டமே மாவைக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. விடியற்காலை பெரட்டுக்கு முன்னால் சோறு, கறி என்று ஆக்க விறகும் இல்லை, நேரமும் இல்லை. ரொட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு மலையேறினால் அது கெடாது, மத்தியானம்வரை வயிற்றில் நிற்கும். "ரொட்டிய விட்டுடுங்க பெரியம்மா" என்று சொல்கிறவர், நாலு மணிக்கு எழும்பிச் சோறு வடிக்கப் போவது யார் என்று ஒருநாளாவது கேட்டாரா? அன்றைக்கு அவருக்காக மூன்று கறியோடு சோறாக்கியது கொழுந்து எடுத்துவிட்டு வந்த மருமகள். அவளை அவர் விசாரித்தது பெருங்காயத்தைப் பற்றி.

சாயங்காலம் பெரியம்மா தோட்டத்தில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கை அவித்து, கொச்சிக்காய்ச் சம்பலோடு வைத்தார். மச்சான் ஒரு கேள்வியும் கேட்காமல் தின்றார். கண்ணில் தண்ணீர். உறைப்பு என்றார்.

அப்புறம் எல்லாரும் பிடுங்கியதில் ஒரு வைத்தியரைப் பார்க்கப் போனார். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "இப்போ கோதுமை சாப்பிடுறீங்களா?" மச்சான் பெருமையாக இல்லை என்றார். அப்படியானால் இரத்தப் பரிசோதனையால் பிரயோசனமில்லை, நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டிவிடும். ஆறு கிழமை, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அக்கா தூரத்திலேயே கண்டுகொண்டார். மச்சான் வாயைத் திறக்கும் முன்னால், "வாங்க தம்பி, உங்களுக்குன்னே தனியா அவிச்சி வெச்சிருக்கேன். கோதுமை மா ஒரு பொட்டு இல்ல" என்றார்.

"ஒரு பொட்டுகூட இல்லியா?"

"சாமி சத்தியமா இல்ல."

மச்சான் தலையைச் சொறிந்தார். "ஒரு கை போட்டிருக்கலாமேக்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோட கை?"