மெய்நிகர் மேனேஜர்

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது அதிகம் இழந்தவர்கள் யார் என்று கேட்டால் ஓட்டல்காரர், கால்டாக்ஸிக்காரர் என்று அடுக்குவோம். மேனேஜரை யாரும் நினைப்பதில்லை. அவருக்குச் சம்பளம் குறையவில்லை. பறிபோனது நீள மேசையின் நடுநாயக நாற்காலி. ஜூம் திரையில் துணைத் தலைவருக்கும் நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் ஒரே அளவுக் கட்டம்தான். அதிலும் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடிக்கிறார்கள். ஆலமரத்தடி இல்லாத நாட்டாமை மாதிரி ஆகிப்போனார் மனிதர். அதனால்தான் 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) நிறுவனம் 'ஹொரைசன் வொர்க்ரூம்ஸ்' என்ற மெய்நிகர் கூட்ட அறையை வெளியிட்டதும் ஹெட்செட்டை முதல் ஆளாகத் தலையில் மாட்டிக்கொண்டார்.

இவரைத் தொழில்நுட்பப் பித்தர் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். சுவரும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், புவியீர்ப்பு விசைகூட வேண்டாம் என்ற ஓர் உலகத்தைக் கையில் கொடுத்தால் பித்தர் எதையாவது விபரீதமாகக் கட்டியிருப்பார். இவருக்குப் பிடித்துப்போனதோ நீள மேசை, சுற்றி நாற்காலிகள், எதிரே எழுதும் பலகை. மேசையைச் சுற்றி இடுப்புக்கு மேல் மட்டுமே வரையப்பட்ட பொம்மைகள். (2022 அக்டோபரில், பொம்மைகளுக்குக் கால் வரப்போகிறது என்று மெட்டா விழாவில் காட்டினார்கள். அந்தக் காட்சி, மனித அசைவைப் பதிவுசெய்து முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன் என்பது பிறகுதான் தெரிந்தது.) கால் வரையாத பொம்மைக்கு நாற்காலி எதற்கு என்று நம்மவர் கேட்டதே இல்லை. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். காபி குடிக்க அரை கிலோ ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றுவார். அங்கே அவருடைய பொம்மை கூரையை அண்ணாந்து பார்க்கும். ஊழியர்கள் அதையும் ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும் என்பது மட்டுமே அவர்களுக்கு ஆறுதல்.

பழகினால் சரியாகிவிடும் என்பார். 2022-இல் ஜெர்மனியின் கோபுர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் இதைச் சோதித்தார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து நாள், முழுக்க ஹெட்செட்டுக்குள் வேலை. வந்த 18 பேரில் இருவர் முதல் நாளே தலைவலி, குமட்டல் என்று விலகினார்கள். மீதி 16 பேருக்கு, சாதாரண மேசையில் செய்த அதே வேலையைவிடச் சுமை 35 சதவீதமும் எரிச்சல் 42 சதவீதமும் கூடுதலாகத் தெரிந்தன. நாள் போகப்போக ஓரளவு பழகியது உண்மை. ஆனால் பழகியும் பழைய மேசையை எட்டவில்லை. சரி, கருவி இளைத்துவிடும் என்றால், 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ 600 கிராமுக்கும் மேல். பேட்டரி தனி, வயரோடு பாக்கெட்டில் தொங்குகிறது.

அப்படியானால் இந்தக் கருவிகளே வீணா என்று கேட்கலாம். இல்லை. எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும் மெக்கானிக்கின் கண்ணாடி வழியே வேறு ஊர் நிபுணர் பார்க்கிறார். கழற்ற வேண்டிய போல்ட்டின் மேல் அம்புக்குறி வரைகிறார். அது மெக்கானிக்கின் கண்ணெதிரே, அதே போல்ட்டின் மேல் நிற்கிறது. இரண்டு கையும் வேலையில் இருக்கிறவனுக்கு இது பெரிய உதவி. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடி இதைச் செய்தது. ஆனால் அங்கே மேசை இல்லை, மேசை இல்லாததால் நடுநாயகமும் இல்லை. 2024-இல் ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தி நின்றபோது நம்மவர் ஓர் இரங்கல் மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை.

ஒரே அறையில் இருக்கும் உணர்வு முக்கியமில்லையா என்பது அவருடைய கடைசி அஸ்திரம். மெய்நிகர் அறையில் இடப்பக்கத்தவர் குரல் இடக்காதில் விழுவது இதமானதுதான். ஆனால் அந்த அறையை வெளியிட்ட மெட்டாவே 2023 செப்டம்பர் முதல், அலுவலகத்தோடு இணைக்கப்பட்ட ஊழியர்களை வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வரச்சொன்னது. சேதி வந்த அன்றே நம்மவர் ஹெட்செட்டை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, தன் ஆட்களுக்கும் ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். வேலை நேரம் மூன்றாம் பத்தியில்தான் வருகிறது. முதல் இரண்டு பத்தியும் இருக்கை ஏற்பாடு.